நிறுத்தக் காரணம்

எஞ்சினை அணை என்றாள்.
ஏப்ரல் பதினொன்று. எஸ்டோனியாவின் தென்கிழக்கு மூலை.
பனி பாதி உருகிச் சேறாகிக் கிடந்தது.
நான் ஓட்டும் மரம் வெட்டும் இயந்திரம் இருபது டன்;
அவள் தேடி வந்த பறவை
பதினோரு கிராம்.

எனக்குக் கூலி கன மீட்டர் கணக்கு.
மரம் விழுந்தால்தான் பணம்.
அணைத்தேன்.
காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

விர்வே என்று பெயர். கணக்கெடுக்க வந்தவள்.
ரப்பர் பூட்ஸ், ஒரு கைக்கு மட்டும் உறை;
மற்றதைப் போன வாரம்
ஏதோ ஒரு காடு வாங்கிக்கொண்டதாம்.

"இரண்டு உண்டு," என்றாள்.
"சோலைப் பட்டாணிக்குருவி, வடக்குப் பட்டாணிக்குருவி.
இரண்டுக்கும் கறுப்புத் தொப்பி,
இரண்டுக்கும் மோவாயில் மை சிந்திய கறை,
அழுக்கு வெள்ளை வயிறு."
அப்புறம் எப்படிப் பிரிப்பதாம்?
"ஒன்றின் தொப்பி பளபளக்கும். இன்னொன்றுக்கு அடுப்புக்கரி."
வெயிலே வராத நாளில்
எது பளபளக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஸ்புரூஸ் கிளைக்குள் ஏதோ அசைந்தது.
அவள் தொலைநோக்கியைத் தூக்குவதற்குள்
ஆடும் கிளைதான் மிச்சம்.
மறுபடி, கொஞ்சம் தள்ளி, தலைகீழாய்.
தொப்பி கறுப்பு. வெறும் கறுப்பு.
இறக்கையில் வெளிறிய பட்டை
இருந்த மாதிரியும் இருந்தது.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்;
பேனா நடுவில் நின்றது.

"வாயைத் திறந்தால் சொல்லிவிடுவேன்."
அது திறக்கவில்லை.
கால் மணி நேரம்.
மனசுக்குள் பதினெட்டு மரம் சாய்த்து
கிளை சீவி
அடுக்கியும் முடித்துவிட்டேன்.

அப்போது
தேஏ... தேஏ... தேஏ...
மூக்கடைத்த பிள்ளை ஒன்று
யாரைப் பற்றியோ புகார் சொல்கிற மாதிரி.
முதலில் கேட்டது நான்தான்.
இருபத்திரண்டு வருடம் டீசல் சத்தத்தில் ஊறிய காது.
வகுப்பில் விடை தெரிந்தவன் போல
கையைத் தூக்கியே விட்டேன்.
தூக்கிய பிறகுதான் வெட்கம் வந்தது.

செத்துப்போன பிர்ச் மரம், என் மார்பளவு,
மேலே முறிந்து, உள்ளே பஞ்சாகி.
கன மீட்டரில் பூச்சியம்.
சக்கரத்தால் சாய்த்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் போகிற வகை.
அதில் ஓர் ஓட்டை.
ஓட்டைக்குள்ளிருந்து முதலில் வால் வந்தது,
பின்னால் தொப்பி,
அலகு நிறைய மரத்தூள்.
பறந்து போய்த் தள்ளி உதறியது.
வந்தது, நுழைந்தது. மறுபடி தூள்.
மறுபடி.

"சோலைக்காரி அடுத்தவர் விட்டுப்போன பொந்தில் குடியேறுவாள்.
இவள் தன் வீட்டைத் தானே குடைவாள்," என்றாள் விர்வே.
பேனா ஒரு கட்டத்தில் இறங்கியது.

அந்த அலகு
என் சங்கிலியின் ஒரு பல் அளவுகூட இருக்காது.
எத்தனை நாளாகக் குடைகிறதோ.
யார் வாங்கப்போகிறார்கள் அந்தத் தூளை.

பிர்ச்சைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினாள்.
உறையில்லாத கை நடுங்கியது, முடிச்சு விழவில்லை;
ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.
"ஜூலை வரைக்கும் இந்தப் பக்கம் வராதே, தாய்வோ."
அன்றைய கூலி அங்கேயே நின்றது.
அடுத்த தோப்புக்கு வண்டியைத் திருப்பும்போது
வழக்கத்தைவிட அகலமாக வளைத்தேன்,
அதற்காக அவள் நன்றி சொல்லவில்லை.

இது நடந்து மூன்று வாரம்.
இப்போதெல்லாம் மதியத்துக்கு முன் ஒரு தடவை
எஞ்சினை அணைத்துவிடுகிறேன்.
ஐந்து நிமிடம், சில நாள் ஏழு.
பெரும்பாலும் ஒன்றும் கேட்பதில்லை.
ஒருநாள் ஏதோ கூப்பிட்டது;
எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

நின்றால் போதும், திரை விழித்துக்கொள்ளும்.
நிறுத்தக் காரணம் என்ன என்று கேட்கும்:
எரிபொருள். சங்கிலி. உணவு. கழிப்பறை. வானிலை.
வேறு கட்டம் கிடையாது.

சங்கிலி என்று அழுத்துகிறேன்.